சப்பான்காரன் துப்பாக்கி என்று சொன்னார்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தின் மூன்றாம் பிளாக்கில், வயது முடிந்த செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவுக்காக மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு கிணற்றின் செங்கல் வளையத்தை எக்ஸ்கவேட்டரின் வாளி தட்டி உடைத்தது. கிணறு இருந்தது அங்கே வேலை செய்த யாருக்கும் தெரியாது. உடைந்த செங்கற்களோடு சாம்பல் நிறக் களிமண் ஒரு கட்டியாக மேலே வந்தது; அந்தக் கட்டிக்குள் இருந்து ஒரு முழத்துக்கு இரும்புக் குழல் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்த ஓட்டுநர், பம்புத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். பாதி கழுவிய பிறகுதான் அது ரைபிள் என்று தெரிந்திருக்கிறது.

செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இரும்பு சம்பந்தமாக எது நடந்தாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைத்தான் அழைப்பார். நான் போய்ச் சேர்ந்தபோது அதைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஓர் இளைஞன் அதைத் தூக்கித் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நோக்கத்தில் இருந்தான். அவனைத் தடுத்து, எல்லாரையும் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்தி, மண்டோரைக் காவல் நிலையத்துக்கு அழைக்கச் சொன்னேன். இந்த நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971இல் வந்த தண்டனைகளைக் கடுமையாக்கும் சட்டமும் அனுமதியற்ற துப்பாக்கி விஷயத்தில் எந்தச் சலுகையும் காட்டுவதில்லை. சிறையோடு பிரம்படியும் உண்டு. அது துருப்பிடித்ததா, சுடுமா சுடாதா என்பதெல்லாம் நாம் முடிவு செய்யவேண்டிய விஷயம் அல்ல. அதைவிட முக்கியமாக, இப்படிப்பட்ட துப்பாக்கியின் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கக்கூடும். மண்ணுக்குள் எத்தனை ஆண்டு கிடந்தாலும் தோட்டாவை நம்ப முடியாது.

காவலர்கள் வந்துசேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில், பொருளைத் தொடாமல், கைப்பேசியில் 17 படங்கள் எடுத்தேன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் என் இரும்பு ஸ்கேலை வைத்தேன். வந்த சார்ஜன்ட் முதலில் எங்கள் எல்லாரையும் திட்டினார், அவ்வளவு கிட்டே நின்றதற்காக. அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. பிறகு அவர்கள் அதைச் சாக்கில் பொதிந்து எடுத்துச் சென்றார்கள். நான் மறுபடி அதைப் பார்க்கவில்லை. இங்கே எழுதுவதெல்லாம் அந்த 17 படங்களை வைத்து ஏழு வாரங்களாக நான் பார்த்த வேலைதான்.

அன்று அங்கே நின்ற பெரியவர்கள் ஒரே குரலில் சொன்னது, அது சப்பான்காரன் துப்பாக்கி என்பது. எங்கள் ஊரில் மண்ணுக்குள்ளிருந்து எந்த இரும்பு வந்தாலும் அது சப்பான்காரனுடையதாகத்தான் இருக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு முன், துரோலாக் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 30 ஜப்பானிய டாங்கிகள் பெரிய சாலை வழியாக இறங்கி, 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளை ஒரே காலைப்பொழுதில் சிதறடித்தன. ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்கா ரெஜிமெண்டுகளும் ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாளமும் இந்தச் சாலையிலும் இதன் இருபுறமும் இருந்த ரப்பர் தோட்டங்களிலும் சிக்கிக்கொண்டன. தப்பியவர்கள் ஆற்றையும் பால்மரக் காட்டையும் கடந்து கால் போன போக்கில் தெற்கே நடந்தார்கள். அன்றைக்கு இந்தத் தோட்டங்களில் கைவிடப்பட்ட ஆயுதம் கொஞ்சமாக இருந்திருக்காது. ஆனால் அன்று கைவிட்டது தோற்றவர்கள், ஜெயித்தவர்கள் அல்ல. சப்பான்காரன் துப்பாக்கி என்ற பேச்சில் இந்த ஓட்டை ஏன் இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

தோட்டத்தின் இளம் சூப்பர்வைசர் ஒருவர் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். நான் வைத்த ஸ்கேலின் படத்தைப் பெரிதாக்கி, குழலின் வாய் ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு, 7.7 என்பது ஜப்பானிய அளவு என்று கைப்பேசியில் தேடிக் காட்டினார். அவர் கண்டுபிடித்தது பொய் அல்ல. ஜப்பானியத் தரைப்படை 1939இல் ஏற்றுக்கொண்ட 99ஆம் வகை ரைபிளின் அளவு 7.7 மில்லிமீட்டர்தான். ஆனால் ஆங்கிலேயர்களின் 303 என்பதும் அங்குலத்தில் 0.303, அதாவது மில்லிமீட்டரில் அதே 7.7. தோட்டாக்கள் மட்டும் வேறு: ஆங்கிலேயத் தோட்டாவின் அடியில் வெளியே துருத்தும் விளிம்பு உண்டு, ஜப்பானியத் தரைப்படைத் தோட்டாவில் அது கிடையாது. குழலின் நீளமும் உதவவில்லை. 99ஆம் வகையின் குட்டை ரைபிளில் குழல் 657 மில்லிமீட்டர். ஆங்கிலேயரின் குட்டை லீ-என்ஃபீல்டில் 640. துரு தின்ற வாயை ஸ்கேலில் பார்த்து இந்த வித்தியாசத்தை நிர்ணயிக்க நான் துணியமாட்டேன். துப்பாக்கியின் முழு நீளமும் இல்லை, ஏனென்றால் பின்கட்டை முழுவதும் மக்கிப் போயிருந்தது.

மக்கிப்போன அந்தக் கட்டைதான் முதல் பதிலைக் கொடுத்தது. உலகத்தின் பெரும்பாலான போல்ட் ரைபிள்களில், அதாவது கைப்பிடியுள்ள போல்ட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள்களில், ஜெர்மானிய மவுசரானாலும் ஜப்பானிய அரிசாக்காவானாலும், குழலுக்கு அடியில் ஓடும் மரம் அப்படியே பின்னால் வந்து தோளில் முட்டும் கட்டையாக முடியும். அரிசாக்காவின் பின்கட்டையில் கீழே ஒரு துண்டைப் புறா வால் இணைப்பில் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், ஆனாலும் கழுத்து வரை மரம் தொடர்ச்சியாகவே இருக்கும். லீ-என்ஃபீல்டில் அப்படி இல்லை. முன்கட்டை வேறு, பின்கட்டை வேறு. இரண்டுக்கும் நடுவில், விசைக்கு மேலே, கனமான இரும்புக் கழுத்துப்பட்டை ஒன்று இருக்கும். பின்கட்டை அதற்குள் செருகி, உள்ளே ஓடும் நீண்ட திருகாணியால் இறுக்கப்படும். என் படங்களில் மரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல், அந்தக் கழுத்துப்பட்டை வாயைத் திறந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நீட்டிய துருப்பிடித்த நீண்ட திருகாணியோடு நின்றது. மரம் இருந்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இதற்குப் பிறகு மற்ற அடையாளங்களை ஒப்புக்கு ஒருமுறை சரிபார்த்தேன். அரிசாக்காவின் போல்ட் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீண்டிருக்கும். போல்ட்டின் பின்முனையில் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பும் ஒரு பெரிய வட்டக் குமிழ் இருக்கும். லீயின் கைப்பிடி விசைக்கு மேலேயே கீழ்நோக்கி வளைந்து, கையை அதிகம் நகர்த்தாமல் இழுக்கும்படி இருக்கும். அரிசாக்காவின் ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூடு, அதன் மேல் பதினாறு இதழ்ச் சாமந்திப் பூ முத்திரையோ, அதைத் தேய்த்து அழித்த தடமோ இருக்கும். அதன் கீழே வகையைச் சொல்லும் எழுத்துகள் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. கிணற்றிலிருந்து வந்தது ஜப்பானில் பிறந்தது அல்ல என்பதை அன்று இரவே உறுதி செய்துகொண்டேன்.

இந்த இடத்தில் கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பம்புத் தண்ணீர் பட்ட இடத்தில் துருவின் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து, அதோடு சில முத்திரைகளும் போய்விட்டிருந்தன. ஆலையில் ஒருமுறை, பழைய நீராவிப் பம்பு ஒன்றின் உற்பத்தி எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக ஒரு பயிற்சிப் பையன் கம்பி பிரஷ்ஷை கிரைண்டரில் மாட்டித் தேய்த்து, தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணையே துடைத்துவிட்டான். உளியால் அடித்த எழுத்தின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துருவைத் தேய்க்கிறவன் எழுத்தையும் சேர்த்துத்தான் தேய்க்கிறான். அமிலமும் அதே வேலையைத்தான் செய்யும். எழுத்தைப் படிக்கத் தேவையானது ஈரமான பரப்பும், பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் வெளிச்சமும், பொறுமையும் மட்டுமே. நல்லவேளையாக இந்தத் துப்பாக்கி வலப்பக்கம் கீழாகக் களிமண்ணில் படிந்து கிடந்திருக்கிறது. காற்றுப் புகாத ஈரக் களிமண்ணில் துரு மெதுவாகத்தான் ஏறும். நம் செம்மண்ணில் கிடந்திருந்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் எழுத்தெல்லாம் போயிருக்கும்.

லீ-என்ஃபீல்டு என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, எந்த லீ-என்ஃபீல்டு என்பது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட்டும் லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழலும் சேர்ந்த இந்தக் குடும்பம் 1895இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் பெருகியது. மலாயாவில் காணக்கூடியவை மூன்று. 1907இல் வந்த குட்டை ரைபிளின் மூன்றாம் மார்க்கும் (மார்க் என்பது ஒரு மாதிரியின் திருத்தப்பட்ட வடிவம்), முதல் உலகப்போரின் நடுவில் வேலையைச் சுருக்குவதற்காகச் சில பாகங்களை விட்டுவிட்டு அதிலிருந்து உருவான மூன்றாம் மார்க் நட்சத்திரமும் ஒன்று. 1926இல் இதற்கு முதலாம் எண் என்று பெயர் மாற்றினார்கள். 1939இல் ஏற்கப்பட்ட நான்காம் எண் ரைபிள் இரண்டாவது. 1944 முதல் 1947 வரை செய்யப்பட்ட ஐந்தாம் எண் மூன்றாவது. மலாயாவில் 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலத்துப் படங்களில் பார்க்கும், வாயில் புனல் மாட்டிய காட்டுக் கார்பைன் அதுதான்.

இந்த மூன்றையும் பிரிப்பதற்கு எழுத்தே வேண்டாம், மூக்கைப் பார்த்தால் போதும். முதலாம் எண்ணின் குழல் வெளியே நீளாது. கனமான இரும்பு மூக்கு மூடி குழலின் வாயோடு மட்டமாக முடிந்து, பன்றியின் மூக்கைப் போல மொட்டையாக இருக்கும். அதற்குக் கீழே பயனெட் மாட்டும் குமிழ் துருத்தும். நான்காம் எண்ணில் குழல் மரத்தைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை வெளியே நீண்டிருக்கும். ஐந்தாம் எண்ணில் அந்த நீட்சியின் முனையில் தீப்பிழம்பை மறைக்கும் புனல் இருக்கும். அடுத்து, பின்பக்கக் குறிநோக்கி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலாம் எண்ணில் அது ரிசீவருக்கு முன்னால் குழலின் மேலேயே, கண்ணிலிருந்து தள்ளி இருக்கும். மற்ற இரண்டிலும் ரிசீவரின் பின்முனைக்கு நகர்த்தி, துளை வழியாகப் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். கிணற்றுத் துப்பாக்கியில் மொட்டை மூக்கும், குழல் மேல் உட்கார்ந்த குறிநோக்கிப் படுகையும் தெளிவாக இருந்தன. அது முதலாம் எண். காட்டுக் கார்பைன் என்று எனக்குத் தொலைபேசியில் உறுதியாகச் சொன்ன ஈப்போ நண்பர் ஒருவர் இன்னும் என்னோடு ஒத்துப்போகவில்லை. அவர் படத்தைப் பார்க்காமலே சொன்னவர்.

முதலாம் எண் ரைபிளின் பிறப்புச் சான்றிதழ் கழுத்துப்பட்டையின் வலப்பக்கத்தில், போல்ட் கைப்பிடிக்கு நேர் கீழே அடிக்கப்பட்டிருக்கும். மேலே கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், பிறகு தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, ரைபிளின் சுருக்கப் பெயர், ரோமன் எண்ணில் மார்க். நான்காம் எண்ணில் இதற்கு ஒத்தவற்றை இடப்பக்கம் தேட வேண்டும். அரசரின் எழுத்தே காலத்தைப் பாதி சொல்லிவிடும்: ஈ.ஆர். என்றால் 1910இல் மறைந்த ஏழாம் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் அதன் பின் வந்த ஜார்ஜுகள். தொழிற்சாலைகளில் என்ஃபீல்டு, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., லண்டனின் எல்.எஸ்.ஏ. ஆகிய மூன்றும் இங்கிலாந்து. லித்கோ ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ். இஷாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக் கரை. இந்த ஐந்து பெயரில் ஒன்றுக்குத்தான் நான் ஆயத்தமாக இருந்தேன். ஜொகூரில் கிடைத்திருந்தால் லித்கோவை முதலில் எதிர்பார்த்திருப்பேன், ஏனென்றால் 1942 ஜனவரியில் ஆஸ்திரேலியர்கள் நின்று சண்டையிட்டது அந்தப் பக்கம்.

படத்தில் கிரீடத்தின் அடிவளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் கீழே இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எழுத்துகளின் தடம் இருந்தது. முதல் வாரம் முழுவதும் அந்த மூன்றாவது செங்குத்துக் கோட்டைத் துருவின் கீறல் என்று ஒதுக்கிவைத்தேன். பிறகுதான் விளங்கியது: இஷாப்பூரில் அடித்த முத்திரையில் ஜி.ஆர். என்பதோடு ஓர் ஐ சேரும். ஜார்ஜ் என்ற அரசர், சக்கரவர்த்தியும் ஆவார் என்று லத்தீனில் சொல்லும் எழுத்து அது. இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை ஆங்கிலேய அரசர் 1948இல் கைவிட்டார். அதற்குப் பின் இஷாப்பூரின் ரைபிள்களில் கிரீடம் போய் அசோகரின் சிங்கம் வந்தது. ஆக, கிரீடமும் ஐ என்ற எழுத்தும் சேர்ந்து இருந்தால், ஊர் இந்தியா, காலம் சிங்கத்துக்கு முன். பெயர் வரியில் எட்டு எழுத்தில் நடுவே உள்ள நான்கு தெளிவாகப் படிக்க முடிந்தது. வேறெந்தத் தொழிற்சாலையின் பெயரும் அந்த நான்கு எழுத்துக்குப் பொருந்தாது. வங்காளத்தில் கடைந்த இரும்பு என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி, நம்மைப்போலவே கப்பலில் வந்ததா என்றாள்.

ஆண்டுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் 19. மூன்றாவதில் செங்குத்துக் கோடு தெரிந்தது. அது 1 ஆக இருந்தால் முதல் உலகப்போர், 4 ஆக இருந்தால் இரண்டாவது. வெளிச்சம் சாய்வாக விழுந்த பதினோராவது படத்தில், கோட்டின் கீழ்ப்பாதியில் குறுக்கே ஓடும் ஒரு சிறு பள்ளம் இருந்தது. 4 தான். நான்காவது இலக்கத்தின் மேல்பாதியைத் துரு தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய அடிப்பகுதி வளைவே இல்லாத நேர்க்கோடு. 0, 2, 3, 5, 6, 8 எல்லாம் அடியில் வளையும் அல்லது படுக்கும். 9இன் வாலும் வளைந்தே முடியும். நேராக நிற்பவை 1, 4, 7. ஆக 1941, 1944, 1947 என்ற மூன்றில் ஒன்று.

இந்த மூன்றுக்கும் உள்ள தூரம் வெறும் மூன்று மூன்று ஆண்டு என்று நினைக்கக் கூடாது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் இந்தியப் படைகள் மறுபடி இறங்கிய வரை, இஷாப்பூரிலிருந்து இந்த நாட்டுக்கு ரைபிள்கள் வருவதற்கு வழக்கமான வழி ஏதும் இல்லை. 1944 என்றால் அந்தத் துப்பாக்கிக்கும் சிலிம் ரிவர் சண்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பெரும்பாலும் போருக்குப் பின் வந்து, அவசரகாலத்தில் யார் கையிலிருந்தோ கிணற்றுக்குள் போயிருக்க வேண்டும். 1941 என்றால், ஜனவரி 7ஆம் தேதிக் காலையில் இந்தத் தோட்டத்துப் பால்மரங்களுக்கு நடுவே ஓடிய ஒரு சிப்பாயின் தோளில் அது இருந்திருக்கலாம். நான் எதை விரும்பினேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

பதில் இடப்பக்கத்துப் படம் ஒன்றில் இருந்தது. இந்த ரைபிள்களில் குழலுக்குத் தனியாக ஒரு பிறந்த தேதி உண்டு. ரிசீவரோடு குழல் சேரும் தடித்த பகுதியின் பக்கத்தில், மரக்கவசத்துக்கு அடியில், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சிறியதாக அடித்திருப்பார்கள். மரம் இருக்கிற துப்பாக்கியில் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது. இங்கே மரம் மக்கிவிட்டதால் அது வெளியே தெரிந்தது, ஆனால் களிமண் நிரம்பியிருந்ததால் ஆறு வாரம் அதை ஒரு கீறல் என்றே கடந்துபோயிருக்கிறேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்த ஒரு நாள் 41 என்று படிக்க முடிந்தது. தேய்ந்த குழலை மாற்றும்போது ரிசீவரைவிடப் புதிய குழல் வருவது சாதாரணம். 1944இல் செய்த புது ரிசீவருக்கு மூன்று ஆண்டு பழைய குழலைப் பூட்டியிருப்பார்கள் என்று நினைக்க என் ஃபிட்டர் மூளை சம்மதிக்கவில்லை. கழுத்துப்பட்டையின் நேர்க்கோடும் குழலின் 41உம் ஒன்றையொன்று தாங்குகின்றன. 1941, இஷாப்பூர், மூன்றாம் மார்க் நட்சத்திரம். நட்சத்திரத்தை நான் படிக்கவில்லை. அந்த ஆண்டில் இஷாப்பூர் செய்துகொண்டிருந்தது அதுதான் என்பதால் அப்படி எழுதுகிறேன்.

அன்று இரவு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான், அந்தச் சந்தோஷத்தில் ஒரு கோளாறு இருப்பது உறைத்தது. 1944 என்று வந்திருந்தால் ஒரு கதவு அடைபட்டிருக்கும்; நான் ஏதோ ஒன்றை உறுதியாகச் சொல்லியிருக்க முடியும். 1941 எந்தக் கதவையும் அடைக்கவில்லை. 1941இல் செய்த ரைபிள் அதே ஆண்டு மலாயாவுக்கு வந்திருக்கலாம். நான்கு ஆண்டு இந்தியாவிலேயே இருந்துவிட்டு 1945இல் மோரிப்பில் இறங்கியும் இருக்கலாம். முத்திரையில் உள்ள ஆண்டு, அதற்கு முன்னால் இது இல்லை என்று மட்டுமே சொல்கிறது. விரும்பிய விடை கிடைத்ததால், விரும்பாத விடை கொடுத்திருக்கக்கூடிய தெளிவை இழந்தேன்.

சிறு சிறு தடயங்கள் இன்னும் சில இருந்தன. ரிசீவரின் முன்பக்கத்தில் அடித்த தொடர் எண்ணே போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் இருக்க வேண்டும், ஏனென்றால் இவற்றின் போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கே பொருத்திச் செய்யப்படுவது. இதில் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறு. சரணடைந்த துப்பாக்கிகளையோ கிடங்கில் வைத்தவற்றையோ பாதுகாப்புக்காகப் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைப்பது பழக்கம். திரும்ப மாட்டும்போது கலந்துவிடும். ஆக இது ஒரே சிப்பாயின் கையிலேயே கடைசி வரை இருந்த துப்பாக்கியாக இருப்பது சந்தேகம். கிணற்றுச் சேற்றிலிருந்து பின்கட்டையின் பித்தளை அடித்தகடும் பச்சை பூத்து வந்தது. பட்டாளத்தின் பெயர் பொறிக்கும் சிறு பித்தளை வட்டும் வந்தது. வட்டில் பெயர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். அது வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

இனிக் கிணறு. எங்கள் தோட்டத்துப் பழைய லயம், 1950க்குப் பின் ஆங்கிலேய அரசின் பிரிக்ஸ் திட்டத்தின் காலத்தில், சிதறிக் கிடந்த குடியிருப்புகளை எல்லாம் முள்வேலிக்குள் ஒன்றாகக் கூட்டியபோது காலி செய்யப்பட்டது. ஆட்களைப் பெயர்த்த கையோடு கிணற்றையும் மூடினார்கள் என்று, அப்போது சிறுவர்களாக இருந்து இன்று தொண்ணூறை நெருங்கும் இருவர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அப்படியானால் துப்பாக்கி கிணற்றுக்குள் போனது 1941க்கும் ஏறத்தாழ 1951க்கும் நடுவே. அந்தப் பத்து ஆண்டில் ஒரு ரைபிளைத் தண்ணீருக்குள் போட யாருக்குத் தேவை வந்திருக்கும்?

தப்பி ஓடிய சிப்பாய் போட்டிருக்கலாம். ஆனால் அவசரத்தில் ஓடுகிறவன் புதரில் எறிவான், குடிதண்ணீர்க் கிணற்றைத் தேடி வரமாட்டான். காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் சிலிம் ரிவர் போன்ற களங்களில் கிடந்த ஆயுதங்களைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள். 1945 டிசம்பரில் அந்தப் படையைக் கலைத்தபோது ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு 350 வெள்ளி கிடைத்தது, ஒப்படைக்காதவர்கள் காட்டில் புதைத்தார்கள். அவர்களுக்கும் லயத்துக் கிணறு பொருத்தமான இடம் அல்ல. கிணற்றில் போடுகிறவன் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன். 1942இல் பால் வெட்டப் போன இடத்தில் ஒரு துப்பாக்கியைக் கண்டெடுத்து, காட்டுப்பன்றிக்கு ஆகும் என்று கூரை இடுக்கில் சொருகிவைத்த ஒருவரை நான் கற்பனை செய்கிறேன். அது ஜப்பான் காலம் முழுக்க அங்கேயே இருந்திருக்கும். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அடுத்த ஆண்டு மே 4ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி எட்டாத தமிழர் லயம் மலாயாவில் இருந்திருக்காது. கூரை இடுக்கில் ஒரு ரைபிளை வைத்திருந்தவன் அன்று இரவு என்ன செய்திருப்பான்? காவல் நிலையத்துக்கு எடுத்துப் போகும் வழியில் பிடிபட்டாலும் கயிறுதான். இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் மற்ற எந்தக் கதையைவிடவும் இது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. கலந்துபோன போல்ட்டுக்கு மட்டும் இதில் விளக்கம் இல்லை. சண்டைக்கு முன்பே ஏதாவது ஒரு கிடங்கில் மாறியிருக்கலாம்.

காவல் நிலையத்துக்கு மலாய் மொழியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: ஆங்கிலேய அரசின் மாதிரி, இந்தியாவில் இஷாப்பூரில் செய்தது, 1941, ஜப்பானியது அல்ல. சார்ஜன்ட் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

கடைசியாக என் அத்தையிடம் போனேன். அவருக்கு இந்தத் துப்பாக்கியைப் பற்றி முதல் நாளிலிருந்தே ஒரு கவலை இருந்தது, வெளியே சொல்லவில்லை. அவருடைய தந்தை, என் தாத்தா, அவசரகாலத்தில் தோட்டத்து வாசலில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஒருவர். காரணம் சொல்லாமல் அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ரைபிளைத் தொலைத்துவிட்டார் என்று அந்த நாளில் யாரோ பேசிய பேச்சு, எழுபது ஆண்டாக அத்தையின் காதில் இருந்திருக்கிறது. அவர் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் இருக்கிறது, பின்புறம் பென்சிலில் 1951 என்று எழுதியது. காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, ரைபிளைக் காலோடு நிறுத்திப் பிடித்திருக்கிறார். அதைச் சட்டத்திலிருந்து கழற்றி ஜன்னலோரம் வைத்துப் பூதக்கண்ணாடியில் காட்டினேன்: குழல் மரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது பாருங்கள் அத்தை, குறிநோக்கி பின்னால் கண்ணுக்குக் கிட்டே இருக்கிறது, இது நான்காம் எண், கிணற்றில் கிடந்தது மொட்டை மூக்கு, வேறு சாதி. அத்தை வெகுநேரம் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்பா அதைத் துடைத்து எண்ணெய் போடாமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை என்று சொல்லி, படத்தை மறுபடி சட்டத்தில் போடச் சொன்னார்.